பூவாயி அழைத்த மேகம்

அந்தக் காலத்தில், அணிலும் மேகமும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரிய பட்டணத்துக்கு மேற்கே காடடர்ந்த மலையொன்று நின்றது. விடியலில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் ஏறி இறங்கிவிடலாம். ஆனால் உச்சிக்குப் போனவர் யாரும் இறங்கியதில்லை.

பட்டணத்து மதிலைக் கட்டிய கொத்தன் செல்லாண்டிக்கு, தன் மதிலை மேலிருந்து முழுசாகப் பார்க்க ஆசை. "சாயங்காலம் வந்துடறேன் புள்ளே" என்று போனவன், மறுநாளும் வரவில்லை. அவன் மனைவி பூவாயி கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறினாள்.

அடிவாரத்து மூங்கில் காட்டைத் தாண்டியதும் வெயில் பச்சையாகிவிட்டது. சருகு மெத்தையில் அவள் காலடி அவளுக்கே கேட்கவில்லை. தூக்கத்தில் நடப்பதுபோல் நடந்தாள்.

"எங்கேம்மா போறே?" என்றது கிளையிலிருந்த மலையணில்.

"வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரப் போறேன்."

"உச்சியிலிருந்து கீழே மட்டும் பார்த்துடாதே. அந்த அழகைப் பார்த்தவங்க உட்கார்ந்துடுவாங்க. உட்கார்ந்தவங்க வேர் விட்டுடுவாங்க."

உச்சியில் குட்டை மரங்கள் கூனிக் குறுகி, எல்லாம் பட்டணத்தையே பார்த்து நின்றன. ஒரு கிளையில் கண்ணாடி வளையல் கிடந்தது. முன்னே ஏறிப் போனவர்கள்தான் இந்த மரங்கள் என்று பூவாயிக்குப் புரிந்தது. நடுவே பாறைமேல் செல்லாண்டி உட்கார்ந்திருந்தான். கணுக்கால் வரை பாசி ஏறியிருந்தது.

"ஏனுங்க, எந்திரிங்க. போலாம்."

"இரு புள்ளே. அங்கே பாரு, மதில் ஒட்டியாணம் மாதிரி மின்னுது. நம்ம கூரைகூடத் தெரியுது."

கையைப் பிடித்து இழுத்தாள். பாறையை இழுப்பதுபோல் இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஏறி வரும்போது பள்ளத்தாக்கில் உறங்கிக் கிடக்கக் கண்ட மேகத்தைக் கூப்பிட்டாள்.

"மேகமே, மேலே வந்து இந்த உச்சியை மூடேன்!"

மேகம் சோம்பலாகப் புரண்டது. "வழி பழகிவிட்டால் நான் தினமும் வருவேன். அப்புறம் யாரும் இங்கிருந்து ஆசைதீரப் பார்க்க முடியாது. நீ இன்னும் பார்க்கவே இல்லையே, பெண்ணே?"

மூடிய இமைக்குமேல் வெளிச்சம் பொன்னாய் அலைந்தது. ஒரே ஒரு தரம் திறந்தால் என்ன? பூவாயியின் இமை துடித்தது. முதுகில் குழந்தை மூச்சுவிடுவது தெரிந்தது.

"வா" என்றாள்.

மேகம் ஏறி வந்தது. பட்டணம் போயிற்று, மதில் போயிற்று, பக்கத்து மரமும் போயிற்று. எங்கும் வெண்மை. குளிரில் குழந்தை தும்மிவிட்டு வீறிட்டு அழுதது.

செல்லாண்டி திடுக்கிட்டுத் திரும்பினான். "புள்ளைக்கு ஒண்ணும் போத்தாமயா கூட்டிட்டு வந்தே?" என்று எழுந்தான். பாசியோடு உள்ளங்கால் தோலும் உரிந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. மேல்துண்டைப் பிள்ளைக்குச் சுற்றினான்.

மற்ற மரங்களையும் பூவாயி அழைத்துப் பார்த்தாள். அவை ஆழ வேரூன்றிவிட்டன. இலை நுனியில் பனிநீர்தான் சொட்டியது.

இறங்கும் வழியில், "ஊரு எப்படி இருந்துச்சு, சொல்லுங்க" என்றாள். நொண்டியபடியே அவன் வீடு வரை சொல்லிக்கொண்டு வந்தான்.

அன்று முதல்தான், எவ்வளவு ஆசையாக ஏறிப் போனாலும், நாம் கண்குளிரப் பார்ப்பதற்குள் மலையுச்சியை மேகம் வந்து மூடிவிடுகிறது. நமக்கும் வீட்டு ஞாபகம் வந்துவிடுகிறது.