ஜோடியா வந்தாத்தான் கதவு

ஒரு ஊர்ல வாசலைக் காக்குற வாசக்காரி ஒருத்தி இருந்தா. பேரு சிட்டம்மா. ஊரு எங்கேன்னு கேக்குறியா? கோதைன்னு ஒரு பொண்ணு, உன் வயசுதான். அவ குடலோட உள்பக்கச் சுவருதான் அந்த ஊரு. சிரிக்காத, ம் கொட்டு. ஆங், அப்படி.

அந்த ஊர்ல குட்டிக் குட்டியா வீடுங்க, இண்டு இடுக்கு இல்லாம தோளோட தோளா ஒட்டி நிக்கும். வீட்டுக்கு ஒரு வாசக்காரி. முன்வாசல் சாப்பாடு வர்ற பக்கம், பின்வாசல் ரத்தம் ஓடுற பக்கம். உள்ள வந்த உப்பைப் பின்வாசல் வழியா ஹும்... ஹும்னு தள்ளிக்கிட்டே இருக்கணும், அதான் சிட்டம்மா வேலை. வெளிய ஏற்கெனவே உப்பு நெரிசலு. அதுக்குள்ள தள்ளணும்னா சும்மாவா? இடுப்பு ஒடிஞ்சு போகும். ஆனா உள்ள உப்பு குறைஞ்சாத்தானே முன்வாசலுக்குப் புது உப்பு வரும்! முன்வாசல்ல ஒரு வழக்கம் உண்டு. உப்பும் சர்க்கரையும் கைகோத்து வந்தாத்தான் கதவு திறக்கும். அதுங்க ரெண்டும் எங்க போகுதோ, தண்ணி பின்னாடியே போகும்.

அப்புறம் என்னாச்சு? கோதை தேர் பாக்கப் போன இடத்துல ஈ மொய்ச்ச வெள்ளரிப்பிஞ்சை வாங்கித் தின்னுட்டா. நாக்கு அடங்குச்சா பாரு! வயித்தால தடதடன்னு போக ஆரம்பிச்சுது. உடம்புத் தண்ணியெல்லாம் சலசலன்னு வெளிய ஓடுது. சோறும் இறங்கலை, வேலையில்லாத வீடுங்க சுருங்கிக் குட்டையாயிடுச்சு. கேக்குறியா? ம்.

அப்போ நெஞ்சுல இருந்து ஒரு குரல். அங்க முத்தப்பன்னு ஒரு சதைக்காரன், ஓயாம தொப்பு தொப்புன்னு ரத்தத்தைத் தள்ளுறவன். "அக்கா, தண்ணி அனுப்பு! தள்ள ரத்தமே இல்லக்கா!"

"செத்த தாங்குடா தம்பி!"ன்னா சிட்டம்மா. வாய்தான் சொல்லுச்சு, உள்ளுக்குள்ள ஒரே பயம். அவன் நின்னுட்டா ஊரே போச்சுல்ல?

கோதையோட அம்மா பதறிப்போய் ஒரு சொம்பு வெறுந்தண்ணி குடுத்தாங்க. தண்ணி வந்துச்சு. கூட்டிக்கிட்டு உள்ள போக உப்பும் இல்ல, சர்க்கரையும் இல்ல. முக்கால்வாசி சளசளன்னு கீழ ஓடிப்போச்சு.

அப்புறம் கலர் சோடா குடுத்தாங்க. சர்க்கரைக் கும்பல் வந்து, "திற சிட்டம்மா!"ன்னு டமடமன்னு தட்டுச்சு.

"உப்பு எங்க?"

"வரலியே."

"அப்ப கதவும் இல்ல, போ!"

அதுங்க வாசல்லயே கூட்டமா நின்னுச்சு. உள்ள இருந்த மிச்சத் தண்ணியையும் தங்க பக்கமே இழுத்துக்கிச்சு. அட சண்டாளா! முத்தப்பன் அடி இப்போ தொப்தொப்தொப்னு வேகமாயிடுச்சு, சத்தம் மட்டும் தேயுது. "அக்கா..."ன்னான், அவ்வளவுதான். ம் கொட்டு கண்ணு.

அப்போதான் பக்கத்து வீட்டு நர்ஸ் ஸ்டெல்லா ஓடி வந்தா. "வெறுந்தண்ணியும் சோடாவும் ஏங்க்கா குடுத்தீங்க?"ன்னு திட்டிட்டு, உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொட்டலத்தை அளவாத் தண்ணில கரைச்சு, ஸ்பூன் ஸ்பூனா ஊட்டுனா.

டொக் டொக்.

"யாரு?"

"நாங்க ரெண்டு பேரும்க்கா. கையை விடவே இல்ல!"

கடக்! கதவு திறந்துச்சு. சிட்டம்மா ஒரு வாய் சர்க்கரையைப் போட்டுக்கிட்டா, பின்வாசல்ல உப்பைத் தள்ளுனா. இடுப்பு ஒடியுது, விடலை. ஹும்... ஹும்... பக்கத்து வாசக்காரிங்களும் தள்ளுனாங்க. உப்பு பின்னாடியே தண்ணி மளமளன்னு ரத்தத்துல இறங்குச்சு.

கொஞ்சம் கொஞ்சமா முத்தப்பன் சத்தம் நிதானமாச்சு. தொப்பு... தொப்பு... "வந்துடுச்சுக்கா!"

சிட்டம்மாவுக்கு அழுகையா வந்துச்சு. அழ எங்க நேரம்? தள்ளிக்கிட்டே இருந்தா. இனி கோதை நல்லா சாப்பிட்டாப் போதும், சுருங்கின வீடெல்லாம் நாலஞ்சு நாள்ல தானா நிமிர்ந்துக்கும்.

அப்புறம் கோதை மெல்லக் கண்ணைத் திறந்தா. "அம்மா, ஒண்ணுக்கு வருது"ன்னா.

காலையிலேர்ந்து ஒரு சொட்டு போகலை அவ. உடம்புல தண்ணி சேர்ந்தாத்தானே ஒண்ணுக்கு வரும்! அம்மா அவளை அப்படியே வாரித் தூக்கிக்கிட்டு, அழுதுக்கிட்டே சிரிச்சுக்கிட்டே பாத்ரூமுக்கு ஓடுனாங்க.

கதையும் கரைஞ்சுது, கண்ணும் சொக்குது. தூங்கு ராசாத்தி.