அடுத்த வசனம்

"அக்கா, நான் ஊருக்குப் போறேன். சாயங்கால பஸ்ஸுக்கு."

அந்தக் கிறிஸ்தவ ஆசிரமத்துத் தலைவி ரூபவதியைவிடத் தங்கையா வயதில் மூத்தவர். ஆனாலும் அங்கே எல்லாருக்கும் அவள் அக்கா. அவருக்கும் அப்படித்தான்.

"ஏன் அண்ணாச்சி?"

தங்கையா தம் வேதாகமத்தை விரித்துக் காட்டினார். பழைய ஏற்பாட்டில் கிறிஸ்துவைக் கண்ட இடமெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவது அவர் வழக்கம். நோவாவின் பேழைக்கு ஒரு கோடு. புதரில் சிக்கிய ஆட்டுக்கடாவுக்கு ஒரு கோடு. தண்ணீர் கொடுத்த கன்மலைக்குக் கோடு. மனுஷன் ஒரு மூலை விடவில்லை.

எண்பத்தெட்டாம் சங்கீதம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

"மத்த சங்கீதமெல்லாம் அழுது தொடங்கினாலும் கடைசியில கண்ணைத் துடைச்சிரும். இது இருட்டுலயே முடியுது. சொர்ணம் போனதுல இருந்து எனக்கு இது ஒண்ணுதான் வாசிக்க வருது. இதுல அவரு இல்ல. இங்க இல்லாதவரு வேற எங்க இருந்து எனக்கென்ன?"

சொர்ணம் அவர் மனைவி. ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில், போன வருஷம் இறந்தவள்.

அக்கா வேப்பமரத்தடியில் பாயை விரித்தாள்.

"வீட்டுல சங்கீதம் எப்படி வாசிப்பீங்க?"

"கோயில்ல மாதிரிதான். நான் ஒரு வசனம், அவ ஒரு வசனம்."

"அப்படியே வாசிங்க."

முதல் வசனத்தை வாசித்து நிறுத்தினார். அக்கா வாய் திறக்கவில்லை.

"அடுத்த வசனம் உங்களுது அக்கா."

"என்னுது இல்ல."

தங்கையாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவோ எருமைமாட்டின்மேல் மழை பெய்தாற்போல் உட்கார்ந்திருந்தாள்.

சரி என்று அடுத்த வசனத்தை வாசிக்கும் நேரம் விட்டு, அதற்கடுத்த தம் வசனத்தை வாசித்தார். மறுபடி நேரம் விட்டார். மறுபடி வாசித்தார்.

வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. வெயில் தரையில் மெல்ல நகர்ந்தது. போகப்போக அந்த இடைவெளிகள் வெறுமையாகத் தோன்றவில்லை. யாரோ மிகத் தணிந்த குரலில் தம் பங்கை வாசித்து முடிப்பதுபோல இருந்தது. சொர்ணமோ என்று காது கொடுத்தார். அவள் குரல் இல்லை.

துன்பம் தண்ணீராய்ச் சூழ்ந்தது என்ற வசனம் அவருடையது. வாசித்து நிறுத்தினார்.

மிச்சம் கடைசி வசனம். அது அவர் பங்கு அல்ல. கண்ணால் மட்டும் படித்தார். சிநேகிதர் விலகிப்போனார்கள், தெரிந்தவர்கள் மறைந்துபோனார்கள் என்று ஒருவர் அழும் வசனம்.

"இது எனக்கு நடக்கலயே அக்கா. ஊரே வந்து நின்னுச்சு. அடுப்பு மூட்டவே விடல. சொர்ணத்துக்கும் நடக்கல, அவ கட்டிலைச் சுத்தி நிக்க இடமில்ல."

"பின்ன யாருக்கு நடந்துச்சு?"

கிறிஸ்துவைப் பிடித்துக்கொண்டுபோன இரவு தங்கையாவின் கண்முன் வந்தது. ஒலிவ மரத் தோட்டம். தீப்பந்த வெளிச்சம். ஒருவர் மிச்சமில்லாமல் ஓடிப்போன சீஷர்கள்.

அவர் அழுதார். சொர்ணத்தை அடக்கம் செய்த அன்றுகூட அப்படி அழவில்லை.

வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

அக்கா சிவப்புப் பென்சிலை எடுத்து நீட்டினாள். "எங்க கோடு போடணும்?"

தங்கையா அதை வாங்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, பாயில் இன்னொருவர் உட்கார இடம் விட்டார்.

"அடுத்த சங்கீதத்தை அவரே ஆரம்பிக்கட்டும் அக்கா."