விரல் எடுக்கும் முன்

"இதை எழுதினவன் ஒரு நாளாவது சந்தையில கை குடுத்திருக்க மாட்டான். குடுத்திருந்தா இப்படி ஒரு வேலை பண்ணுவானா?"

மாட்டுத் தரகர் பாவாயி போனைத் திருப்பிக் காட்டினார். திரையில் பச்சை எழுத்தில் 'விற்றது' என்று இருந்தது.

எதிரே நின்ற சீடர் தெய்வசிகாமணி அவரைவிடப் பத்து வயது மூத்தவர். கோவையில் மென்பொருள் எழுதுகிறவர். மாட்டுச் சந்தைக்கு ஒரு செயலி செய்ய வந்தவர், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் வித்தையை ஆறு வாரமாகப் பாவாயியிடம் கற்றுவந்தார். பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி, ஒருநாளும் துண்டுக்குள் கை கொடுத்ததில்லை. செயலியை எழுதியது அவர்தான். கேட்டவர்களிடம் கம்பெனி செய்தது என்று சொல்லிவைத்திருந்தார்.

"என்ன ஆச்சு அம்மிணி?"

"வெவசாயி சென்னியப்பன் சும்மா வெலை பாக்கலாம்னு தன்னோட மயிலைக் காளையைச் செயலியில போட்டிருந்தாரு. கீழ இன்னும் யார் யார் கேட்டிருக்காங்கன்னு பாக்க விரலை வெச்சுத் தள்ளியிருக்காரு. வெச்ச எடத்துல 'சம்மதம்'னு ஒரு பொத்தான். தள்றதுக்குள்ள வித்துப் போச்சு."

"இப்பக் காளை?"

"லாரியில. செயலி சொன்னதுதான் முடிவுன்னு வியாபாரி நிக்கிறான். நாலு மணிக்கு வண்டி கெளம்புது. சோடிக் காளை கட்டுத்தறியில கத்திட்டு நிக்குது. மனுசன் லாரிச் சக்கரத்துக்கிட்ட உக்காந்துட்டாரு."

தெய்வசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆனா அவர் தொட்டாரே அம்மிணி. கொஞ்சம் தாமதிச்சாலும் செயலி மந்தமா இருக்குன்னு திட்றாங்க. அதனாலதான் விரல் பட்ட உடனே சம்மதம்னு எடுத்துக்கற மாதிரி... எழுதியிருப்பாங்க. தொட்டது தொட்டதுதானே?"

பாவாயி தோளில் கிடந்த துண்டை உதறினார்.

"கையைக் குடுங்கண்ணா."

"எதுக்கு?"

"உங்க ஸ்கூட்டரை நான் வாங்கறேன். விரலுக்குப் பத்தாயிரம். என் விரல்ல எத்தனை வேணுமோ அத்தனையைப் பிடிங்க."

துண்டு இருவர் கையையும் மூடியது. தெய்வசிகாமணி ஐந்து விரலையும் சேர்த்துப் பிடிக்க நினைத்தார். முதலில் பாவாயியின் ஆட்காட்டி விரல் தட்டுப்பட்டது.

பாவாயி துண்டை உருவினார்.

"ஒண்ணு. பத்தாயிரம். முடிஞ்சுது!"

தெய்வசிகாமணியின் சட்டைப் பையிலிருந்த ஸ்கூட்டர் சாவி பாவாயியின் கைக்குப் போய்விட்டது.

பக்கத்தில் கயிறு விற்றவர் சிரித்தார். "போன தீவாளிக்கு எடுத்த வண்டி பத்தாயிரமா? எனக்கும் ஒண்ணு குடுங்க சாமி."

"அநியாயம் அம்மிணி! நான் இன்னும் பிடிக்கவே இல்லையே. அஞ்சுக்குப் போயிட்டிருந்தேன்."

"தொட்டீங்களே."

தெய்வசிகாமணி வெறும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப எதுதான் சம்மதம்?"

"கை உள்ள இருக்கற வரைக்கும் பேச்சு. அமுக்கலாம், நகரலாம், வேற விரலுக்குப் போகலாம். பிடிச்ச எடத்துல இருந்தே கையை எடுத்தாத்தான் வெலை. நழுவி வெளிய வந்துட்டா ஒண்ணும் பேசலை. ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டுப் போயிருவோம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கை எடுக்கற வரைக்கும் காத்திருக்கணும். எங்கப்பன் எனக்கு வேற எதையும் சொல்லித்தரலை."

"புரிஞ்சுது அம்மிணி. விரல் பட்டதும் சம்மதம்னு எடுத்துக்காம, பொத்தான்ல இருந்து விரலை எடுத்த பிறகுதான் எடுத்துக்கணும். நகர்ந்துட்டா விட்டுரணும். சாயங்காலத்துக்குள்ள மாத்தி எழுதிடறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பாவாயி முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வண்டி இல்லாம நான் எப்படிப் போறது?"

"லாரி நிக்கற எடம் நடக்கற தூரந்தானுங்க. எழுதினவன் யாரா இருந்தாலும் சொல்லிருங்க. மாத்தி எழுதறதெல்லாம் அப்புறம். மொதல்ல வியாபாரிகிட்டப் போய், தப்பு என்னுதுன்னு வாய்விட்டுச் சொல்லட்டும். காளையை இறக்கி, கயித்தைச் சென்னியப்பன் கையில குடுக்கட்டும். அப்புறமா வந்து சாவியை வாங்கிக்கட்டும்."