மூன்றாம் இலை

விமானம் போகும்போது பேசக் கூடாது. கோமதியம்மாள் மடத்தில் எழுதி வைக்காத சட்டம் அது. மடத்துக் கூரையை உரசுகிற மாதிரிதான் ஒவ்வொன்றும் இறங்கும். யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் பாதி வார்த்தையில் நிறுத்துவார்கள். சத்தம் போனதும் விட்ட இடத்தில் பிடிப்பார்கள். அம்மாள் குரலை உயர்த்தி ஒருவரும் கேட்டதில்லை. காத்திருப்பார், அவ்வளவுதான்.

முன்னெல்லாம் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இப்போது ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்குள் ஒன்று இறங்கி இன்னொன்று ஏறிவிடுகிறது. "பேசுற நேரத்தை விட சும்மா இருக்கிற நேரம்தான் ஜாஸ்தி. இப்படியே போனா எல்லாருக்கும் ஞானம் வந்துரும்" என்று அம்மாளே சிரிப்பார்.

ஊர்ப் பேர் வேண்டாம். விமான நிலையம் இருக்கிற எந்த ஊர் என்றாலும் சரிதான்.

அம்மாளின் சீடர்களில் தளவாய் என்று ஒருவர். குருவை விட வயதில் மூத்த சீடர். விமான நிலைய விரிவாக்கத்துக்கு நிலம் எடுத்துக் கொடுக்கிற தாசில்தார். நல்ல மனுஷன்தான், கஷ்டமே அதுதான். கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதை எதற்கு? யாரையும் அதட்ட மாட்டார். நிலத்தைக் கேட்டுப் போகிற வீட்டில்கூடச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைவார்.

குருபூஜை அன்று காலையில் சுருட்டிய வரைபடம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"வளர்றது தப்பா?"

"எது வளருது?"

"ஏர்போர்ட்டுதான். போன வருஷத்தை விட இந்த வருஷம் ஜனம் கூட. அடுத்த வருஷம் இதைவிடக் கூட. ஓடுபாதை நீளணும், கட்டடம் பெருசாகணும், கார் நிறுத்த இடம் வேணும். இது மூணாவது விரிவாக்கம். வருஷா வருஷம் கூடிக்கிட்டேதான் போகும்மா. பசி மாதிரி. போட்டாத்தான் ஆச்சு."

வரைபடத்தைத் தரையில் விரித்தார். அம்மாள் குனிந்து பார்த்தார்.

"இதுல கொறண்டிப்பட்டி எங்க இருக்கு?"

சாய்கோடு போட்ட ஓர் ஓரத்தைத் தளவாய் தொட்டுக் காட்டினார்.

"பேர் போடலையே?"

"பேர் போட மாட்டாங்கம்மா. சர்வே நம்பர்தான்."

கொறண்டிப்பட்டிக்காரர்கள் ஏற்கெனவே இரண்டு தடவை பெயர்ந்தவர்கள். முதல் தடவை ஓடுபாதைக்கு, அடுத்த தடவை கட்டடத்துக்கு. இரண்டு தடவையும் வந்த அதிகாரிகள் 'இதோட சரி' என்றுதான் சொன்னார்கள். இப்போது மூன்றாவது தடவை. திங்கட்கிழமை இயந்திரம் வந்தால் குறுக்கே படுப்போம் என்று ஊரே ஒன்றாக நிற்கிறது.

"போலீஸ் வரும்மா. மண்டை உடையும். பொம்பளைங்க, குழந்தைங்க இருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா இடத்தை விட்டுக் கொடுத்துருவாங்க. உங்க பேச்சைத் தட்ட மாட்டாங்க."

"நான் சொன்னா கேட்பாங்களா?"

"சாமியே சொன்ன மாதிரி கேட்பாங்க."

அம்மாள் நிமிர்ந்தார். "பசிக்குதா அண்ணாச்சி?"

"பசிக்குதும்மா."

"வாங்க. முதல் பந்தியில உட்காருங்க."

எள் போட்டால் எள் விழாத கூட்டம். தளவாய் சுவரோரம் உட்கார்ந்தார். அவருக்கு இடது பக்கம் பேச்சிமுத்து. கொறண்டிப்பட்டியில் பிச்சிப்பூத் தோட்டம் போட்டிருப்பவன். அன்றைக்குக் குருபூஜை மாலை அவன் தோட்டத்துப் பூதான். அவனுக்கு அந்தப் பக்கம் கொறண்டிப்பட்டியே வரிசையாக உட்கார்ந்திருந்தது, அடுத்த சுவர் வரைக்கும்.

"ஐயா வாங்க, நல்லா உட்காருங்க" என்றான் பேச்சிமுத்து. திங்கட்கிழமை தன் வீட்டை இடிக்க வரப்போகிறவரிடம்தான். என்ன செய்வது, பந்தி என்றால் அப்படித்தான்.

இதையும் சொல்லிவிட வேண்டும். சோற்றில் உட்கார்ந்த ஆளை எழுப்புவதை விடப் பெரிய பாவம் நம் பக்கத்தில் கிடையாது. கொலைகாரன் என்று தெரிந்தாலும், சாப்பிட்டுக் கை கழுவட்டும் என்றுதான் நிற்பார்கள். பாதியில் எழுந்தவன் அன்றைக்கு மறுபடி இலை முன்னால் உட்கார மாட்டான். பட்டினிதான் கிடப்பான்.

அம்மாள்தான் பரிமாறினார். தளவாய் இலையில் சோறு வைத்தார், சாம்பார் ஊற்றினார், கூட்டு வைத்தார். கேட்காமலே மறுபடியும் சோறு வைத்தார். அப்புறம் உள்ளே போய் இன்னொரு இலை கொண்டுவந்தார்.

"அண்ணாச்சிக்கு ஒரு இலை பத்தாது. பேச்சிமுத்து, கொஞ்சம் தள்ளிக்கோப்பா."

பேச்சிமுத்து இலையைச் சோற்றோடு நுனி பிடித்து இழுத்துக்கொண்டு நகர்ந்தான். அவன் நகர, அடுத்தவன் நகர, கடைசிவரை எல்லாரும் நகர்ந்தார்கள். "பரிமாறுறவங்க நம்ம ஆளா இருக்கணும்ப்பா, ஐயாவுக்கு யோகம்தான்" என்று யாரோ சொல்ல, பந்தியே சிரித்தது. தளவாயும் வெட்கத்தோடு சிரித்தார். குரு கையால் இரண்டு இலை! இடம் கிடைத்ததும் முழங்காலைக் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டார். இடம் கிடைத்தால் யாரும் செய்வதுதான்.

அம்மாள் இரண்டாவது இலையிலும் சோற்றைக் குவித்தார். மறுபடி உள்ளே போய் மூன்றாவது இலையோடு வந்தார். வைக்க இடம் இல்லை. வரிசையின் கடைசி ஆள் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"பேச்சிமுத்து, எந்திரிச்சுக்கோப்பா. அண்ணாச்சிக்கு இடம் வேணும்."



பேச்சிமுத்துவின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அம்மாள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று தேடினான். அப்படி ஒன்றும் தெரியவில்லை. கையிலிருந்த கவளத்தை இலையிலேயே வைத்தான். இலையை மடிக்கவில்லை, வயிறு நிறைந்தவன்தானே மடிப்பான். அப்படியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனான்.

காலியான இடத்தில் அம்மாள் மூன்றாவது இலையை விரித்தார்.

"போதும்மா! போதும்!" தளவாய் இலைக்கு மேலே இரண்டு கையையும் குறுக்கே வைத்து மறைத்தார். "என்னம்மா அநியாயம் இது? ஒரு மனுஷனைச் சோத்துல இருந்து எழுப்பலாமா? எனக்கு எதுக்கு மூணு இலை?"

அம்மாள் வாயெடுத்தார். விமானம் வந்துவிட்டது. கரண்டியைப் பிடித்தபடி நின்றார். சத்தம் ஓய்ந்தது.

"நான் சொன்னா கேட்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க அண்ணாச்சி. அடுத்த வருஷம் இன்னும் பசிக்கும்னும் சொன்னீங்க."

கரண்டியைக் கீழே வைத்தார். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குருபூஜை முடிந்ததும் ஒரு மண்டலம் மௌனம் இருப்பது அவர் வழக்கம்; எப்போதும் எல்லாரும் சாப்பிட்ட பிறகு தானும் சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். அன்று சாப்பிடாமலே போனார்.

தளவாய்க்குப் புரியாமல் இல்லை. முள் குத்தினால் காலுக்குப் புரியாதா? வரைபடத்தைச் சுருட்டக்கூட மறந்து வெளியே வந்தார். மேலதிகாரியிடம் பேச வேண்டும், ஓடுபாதையைத் தரிசுப் பக்கம் திருப்ப முடியுமா என்று கேட்க வேண்டும், முடியாது என்றால் இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். வீடு போய்ச் சேரும்வரை இதையேதான் நினைத்துக்கொண்டு போனார். உண்மையாகத்தான் நினைத்தார்.

மறுநாள் கொறண்டிப்பட்டி ஆட்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் பேச்சிமுத்து. அவன் முகத்தில் கோபம் இல்லை.

"ஐயா, ஊர்ல உட்கார்ந்து பேசினோம். அம்மா காரணம் இல்லாம ஒரு ஆளைப் பந்தியில எழுப்ப மாட்டாங்க. வாயால சொன்னா நாங்க எதிர்த்துப் பேசுவோம்னு செஞ்சே காட்டியிருக்காங்க. ஐயாவுக்கு இடத்தை விட்டுட்டுப் போங்கன்னு சொல்றாங்க. அப்படித்தானே?"

தளவாய் வாசல்படி இறங்கி வந்தார்.

"அம்மாகிட்ட கேட்கலாம்னா கதவைச் சாத்திட்டாங்க. நீங்க அவங்க சீடர். அவங்க மனசு உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொல்லுங்க, நாங்க கேட்டுக்கிடுதோம்."

"இல்லப்பா, அம்மா என்ன நினைச்சாங்கன்னா..."

விமானம் வந்தது.

எல்லாரும் மடத்து வழக்கப்படி சும்மா நின்றார்கள். பெரிய விமானம், மெதுவாகத்தான் போயிற்று. அதற்குள் தளவாயின் மனசு எங்கெங்கோ ஓடியது. உண்மையைச் சொன்னால் திங்கட்கிழமை படுப்பார்கள். போலீஸ் அடிக்கும். அடித்தும் இடிக்கத்தான் போகிறார்கள். நான் இல்லாவிட்டால் இன்னொருத்தன் வருவான். செருப்போடு உள்ளே நுழைகிறவனாக வருவான். எய்தவன் எங்கேயோ இருக்கிறான், நான் வெறும் அம்புதானே. இவர்களாகவே புரிந்துகொண்டது, நானா சொன்னேன்? ஓய்வு பெறக் கொஞ்ச காலம்தான் இருக்கிறது.

சத்தம் போய்விட்டது. விட்ட இடத்தில் பிடிப்பார் என்று எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

தளவாய் பிடிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"சரிங்கய்யா" என்றான் பேச்சிமுத்து.

திங்கட்கிழமை இயந்திரம் வந்தபோது ஒருவரும் குறுக்கே படுக்கவில்லை. பேச்சிமுத்து வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து தளவாயிடம் நீட்டினான். இடிக்கப் போகிற வீட்டுக்குச் சாவி எதற்கு என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிச்சிச் செடிகள் அன்றைக்கும் மொக்கு விட்டிருந்தன.

ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் காரியம் முடிந்தது என்று தளவாயைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். மேடையில் சால்வை போட்டார்கள்.

கொறண்டிப்பட்டிக்கு ஒதுக்கிய மாற்று இடம் ஒரு பழைய குளத்தின் உள்வாய், தண்ணீர் நிற்கிற பள்ளம். ஐப்பசி மழையில் குளம் குளமாகவே ஆகிவிட்டது. எல்லாரும் கரையேறினார்கள். பேச்சிமுத்து பெண்டாட்டி பிள்ளைகளைக் கரையில் விட்டுவிட்டு, அரிசி மூட்டையை எடுக்கிறேன் என்று மறுபடி உள்ளே போனான். திரும்பி வரவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு எடுத்துப் புதைத்தார்கள். மிச்சப் பேர் பிழைப்பைத் தேடித் திசைக்கு ஒருவராகப் போனார்கள்.

ஒரு வருஷம் போயிற்று. மறுபடி குருபூஜை.

தளவாய் அதுவரை மடத்துப் பக்கம் தலைகாட்டவில்லை. அன்று வந்தார். கூடம் அகலமாகத் தெரிந்தது. பந்தியில் அங்கொருவர் இங்கொருவராக உட்கார்ந்திருந்தார்கள். போன வருஷம் உட்கார்ந்த அதே சுவரோரம் போய் உட்கார்ந்தார். அவருக்கு இடது பக்கம் இலை போட்டிருந்தது. தண்ணீர் தெளித்திருந்தது. ஆள் இல்லை.

அம்மாள் இப்போதெல்லாம் இலை போட்டுச் சாப்பிடுவதில்லையாம். கையில் ஒரு உருண்டை வாங்கி நின்றபடியே சாப்பிடுகிறாராம். பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

அம்மாள் வந்தார். காலி இலையில் ஒரு கரண்டி சோறு வைத்தார். அப்புறம் தளவாய் இலையில் ஒரு கரண்டி.

"போதும்மா."

அம்மாள் உடனே நிறுத்திக்கொண்டார்.

"அம்மா, அன்னைக்கு அவங்க என்கிட்ட வந்து கேட்டாங்க. நான் தலையாட்டிட்டேன்."

"தெரியும் அண்ணாச்சி."

"நீங்க என்னை ஒரு வார்த்தை திட்டலையே."

"அவனைச் சோத்துல இருந்து எழுப்பினது நான். நான் யாரைத் திட்ட?"

தளவாய் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். சாவி அதில்தான் கிடந்தது.

"நாலாவது விரிவாக்கத்துக்குப் படம் போட்டுட்டாங்கம்மா. இந்த மடமும் அதுல போகுது."

"அதுவும் தெரியும்."

தளவாய் இலையில் கை வைக்கவில்லை. கண்ணீர் சோற்றிலேயே விழுந்தது. "அன்னைக்குப் போதும் போதும்னு ஊரே கேட்கக் கத்தினேனேம்மா. உள்ளத்துல இருந்துதான் கத்தினேன். அது பத்தலையா? வேற எப்ப சொல்லியிருக்கணும்?"

விமானம் வந்தது. தாழ்வாக வந்தது, டம்ளரில் இருந்த தண்ணீர் நடுங்கியது. அம்மாள் கரண்டியைப் பிடித்தபடி, அது இறங்கி, ஓடி, நிற்கிற வரைக்கும் காத்திருந்தார்.

அப்புறம் சொன்னார்:

"பக்கத்து இலையில ஆள் இருந்தப்ப."