செவலையின் குளம்பு

மாடுகள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், அவற்றின் குளம்பு குதிரைக்கு இருப்பதுபோல் ஒற்றையாகத்தான் இருந்தது. எந்த மாட்டையும் யாரும் கட்டிப்போட்டதில்லை. மேய்ச்சல் மலையில். பொழுது சாயும்போது தானாக இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டு, விடிந்ததும் மலையேறிவிடும்.

மலையடிவாரத்தில் மாராத்தாள் என்றொருத்தி இருந்தாள். புருஷன் உப்பு வண்டியோடு போய் மூன்று வருஷம் ஆகியும் திரும்பவில்லை. அவளுக்குப் பேச்சுத்துணை செவலைப் பசு ஒன்றுதான். செவலையின் கிடாரிக் கன்று மலையிலேயே மேய்ந்தது. அதனால் விடிந்தால் செவலைக்குக் கால் தரிக்காது.

ஐப்பசி மழை பிடித்த அன்று மாராத்தாள் ஒரு கயிறு திரித்தாள்.

"நீயும் போயிட்டா நான் ஆருகிட்டப் பேசறது கண்ணு?" என்று அழுதுகொண்டே கட்டுத்தறி ஒன்று நட்டு அதில் செவலையைக் கட்டினாள்.

கெட்டது நினைத்துச் செய்யவில்லை. புல்லை அறுத்து வந்து ஊட்டினாள். விருந்தாளிக்குச் செய்வதுபோல் மூன்று வேளையும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கால் கழுவிவிட்டாள். மழைத் தண்ணீர், மூத்திரம், அதற்கு மேல் இவள் ஊற்றும் தண்ணீர். தரை காயவே இல்லை.

"ஆத்தா, காலு ஊறிப்போச்சு. காஞ்ச கல்லு மேல நடந்தாச் செரியாயிரும். என்னைய உட்டுரு. எம்புள்ளையப் பாக்கோணும்."

"போனா நீ வரமாட்டே" என்றாள் மாராத்தாள். ஆசை பிடித்தவள் காதில் எது ஏறும்?

நாற்பதாம் நாள் குளம்பு அழுகி நடுவில் பிளந்தது. நாற்றம் பொறுக்காமல் குனிந்து பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டு கயிற்றை அறுத்தாள்.

"போ சாமி, போ!"

செவலை மூன்று எட்டு வைத்தது. நான்காவது எட்டுக்குக் கால் ஊன்ற முடியவில்லை. மேலே கன்று "அம்மா" என்று கத்தியது. இங்கிருந்து ஒரு "அம்மா" போனது. அதற்குப் பிறகு செவலை மனுஷப் பேச்சே பேசவில்லை.

மாராத்தாள் கூடை கூடையாக மலையின் காய்ந்த மண்ணைச் சுமந்து வந்து அதன் காலடியில் கொட்டினாள். புண் ஆறியது. பிளவு மட்டும் ஒட்டவில்லை.

மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்திருப்பது அன்று முதல்தான். மழைக்காலத்தில் கட்டுத்தறிக்குக் காய்ந்த மண் கொட்டுவதும் அன்று முதல்தான். ஈரத்தில் நின்று நொண்டும் மாடு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். அது இன்னும் நான்காவது எட்டைத்தான் வைக்கப் பார்க்கிறது.