ஐந்தாவது தோட்டா

"ரெண்டுல எது நல்ல துப்பாக்கின்னு இன்னைக்குள்ள தெரிஞ்சாகணும், டீச்சர்."

ரெஜினா டீச்சர் மணல் மூட்டையைத் தட்டிச் சரி செய்துகொண்டிருந்தார். பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் ரைஃபிள் கிளப்பில் சுடக் கற்றுக்கொடுப்பவர் அவர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். எனக்கு அறுபதாகிவிட்டது. ஆனாலும் அவர் முன்னால் போய் நின்றால் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

"அப்படியென்ன அவசரமுங்ண்ணா?"

"காசிம் மாமா கேட்டுட்டாருங்க. இன்னும் எத்தனை நாள் இருப்பாருன்னு டாக்டருக்கே தெரியல."

டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க."

மேசைமேல் ரெண்டு துப்பாக்கி கிடந்தது. ஒன்று எங்கள் அப்பா நாச்சிமுத்துவின் நயன் பாயின்ட் த்ரீ. இன்னொன்று அவருடைய சிநேகிதர் காசிம் ராவுத்தர் மாமாவின் த்ரீ செவன்டி ஃபைவ். ரெண்டும் அந்தக் காலத்து வேட்டைத் துப்பாக்கி. வேட்டைக்குத் தடை வந்தபிறகு கிளப்பின் இரும்பு அலமாரியிலேயே குடியிருக்கின்றன. பேரில் ஒன்று மில்லிமீட்டர் கணக்கு, மற்றது இஞ்சுக் கணக்கு; குண்டின் தடிமனில் கால் மில்லிமீட்டர்கூட வித்தியாசம் கிடையாது. சண்டைக்கே அதுதான் காரணம்.

"அறுபத்தி நாலுல ஒரு சிறுத்தைங்க. தோட்டந் தோட்டமாக் கன்னுக்குட்டியத் தூக்கிட்டிருந்துச்சாம். அப்பாவும் மாமாவும் ஒரே நேரத்துல சுட்டிருக்காங்க. விழுந்துருச்சு."

"சரி."

"ஆனா ஒரே ஓட்டைங்க."

டீச்சர் சிரித்துவிட்டார்.

"அளந்து பாக்கலையா?"

"டேப்பு வெச்சு, குச்சிய விட்டு, எல்லாம் பாத்திருக்காங்க. ரெண்டும் ஒரே தடிமன்னா எப்படித் தெரியும்? 'உன்னுது மரத்துல போய் அடிச்சுது'ன்னு இவரு. 'உன்னுது ஆழியாத்துல போய் விழுந்துது'ன்னு அவரு. அன்னைக்கு ஆரம்பிச்சதுங்க."

அப்பாவின் துப்பாக்கிக்கு மாமா வைத்த பேர், ஏழை வீட்டு த்ரீ செவன்டி ஃபைவ். அப்பா சும்மா இருப்பாரா? "உன்னுதுல சத்தம்தாண்டா அதிகம், உன்னையாட்டமே" என்பார்.

வருஷா வருஷம் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ரெண்டு பேரும் இங்கே வந்து ஆளுக்கு அஞ்சு சுடுவார்கள். தோற்றவர் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே கேள்விதான்.

"காத்து எந்தப் பக்கம்டா அடிச்சுது?"

"உனக்குத் தோதாத்தாண்டா அடிச்சுது" என்பார் ஜெயித்தவர்.

அப்புறம் அந்தா, அந்த வாகை மரத்தடியில் எங்கள் அம்மா கட்டிக் கொடுத்த தக்காளிச் சோறும் மாமி கொடுத்துவிட்ட கறி வறுவலும் விரியும். ஒரே இலையில் தின்றுகொண்டே சண்டை போடுவார்கள்.

அப்பா போன ஆடியில் காலமானார். மாமா வந்து தலைமாட்டில் நின்றார். அழவில்லை.

"கள்ளன். பாதியில எந்திரிச்சுப் போயிட்டான்" என்றார். அவ்வளவுதான்.

அதிலிருந்தே மனுஷன் தேய ஆரம்பித்துவிட்டார். இப்போது ஒன்பது நாளாகப் படுத்த படுக்கை. கஞ்சி கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முந்தாநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எது நல்லதுன்னு சுட்டுப் பாத்துச் சொல்லுடா மயிலு. தெரிஞ்சுக்கிட்டா நிம்மதியாப் போயிருவேன்."

"தோட்டா எத்தனை இருக்குதுங்க?" டீச்சர் கேட்டார்.

"ரெண்டுக்கும் அஞ்சஞ்சு. இனி கிடைக்காதுங்க."

"நாலு நாலு சுடுங்க, பாக்கலாம்."

நூறு கஜத்தில் ரெண்டு அட்டை கட்டினோம். முதலில் அப்பாவுடையது.

அதன் கட்டையில் கன்னம் வைத்ததும் அப்பாவின் தலையெண்ணெய் வாசம் அடித்தது. அத்தனை வருஷத்து எண்ணெய் மரத்தில் ஊறிப்போய் இருந்தது. கண் கலங்கிக் குறியே தெரியவில்லை. துடைத்துக்கொண்டு சுட்டேன். நாலு.

அப்புறம் மாமாவுடையது. உதை கொஞ்சம் அதிகம்தான், சும்மா சொல்லக்கூடாது. அதிலும் நாலு.

டீச்சர், யாரும் சுடக் கூடாது என்று சிவப்புக் கொடியை ஏற்றிவிட்டுப் போய் ரெண்டு அட்டையையும் கழற்றிக்கொண்டு வந்தார். நாலு ஓட்டையும் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தார். திரும்ப ஒருமுறை அளந்தார்.

"இது ரெண்டேகால் இஞ்சு. அதுவும் ரெண்டேகால். ஒரு நூல் வித்தியாசமில்லீங்ண்ணா."

"அதனால என்னங்க, அஞ்சாவது இருக்குதே. வேற அட்டையக் கட்டிட்டுக் கொடிய இறக்குங்க."

கொடி இறங்கவில்லை.

"சுட்டா?"

"தெரிஞ்சுருமுங்க."

"தெரிஞ்சா?"

"மாமாகிட்டச் சொல்லுவேன்."

"சொன்னா?"

"நிம்மதியாப் போயிருவாரு."

டீச்சர் மேசையில் நின்றிருந்த ரெண்டு தோட்டாவையும் எடுத்துத் தன் கைக்குட்டையில் மடித்தார். என் சட்டைப் பைக்குள் போட்டார்.

"போறதுக்கு என்னங்ண்ணா அவசரம்?"

துப்பாக்கி ரெண்டையும் தூக்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் நடந்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சாகப் போகிற மனுஷன் கேட்டது இந்தம்மாவுக்கு விளையாட்டாகப் போயிற்றா? வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். மாமா முகத்தில் எப்படி முழிப்பது, என்ன சொல்வது என்று ஒன்றும் ஓடவில்லை.

மாமா கண்ணை மூடிப் படுத்திருந்தார். பக்கத்தில் கஞ்சி ஆடை கட்டிக் கிடந்தது.

"மாமா."

"ம்."

"சுட்டுட்டு வந்தேன்."

கண் திறந்தது.

"எதுடா?"

கைக்குட்டையைப் பிரித்து ரெண்டு தோட்டாவையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். பார்வை மங்கிய மனுஷன். கட்டைவிரலால் தடவினார். ஒன்றின் அடியில் வளையம் மாதிரி ஒரு மேடு இருக்கும். விரல் அங்கே நின்றது.

"இது என்னுது."

அடுத்ததைத் தடவினார். வழவழவென்று இருந்தது.

"இது அந்தக் கள்ளனுது." கொஞ்ச நேரம் அதையே தடவிக்கொண்டிருந்தார். "ஏண்டா சுடாமக் கொண்டாந்தே?"

"நாலு நாலு சுட்டேன் மாமா. சமமா நிக்குது. ஒண்ணொண்ணு பாக்கி."

"சமமா?"

"ஒரு நூல் வித்தியாசமில்லை."

"அதெப்படிடா சமமாவும்?" கையிலிருந்த தோட்டாக்கள் ஒன்றோடொன்று மோதின. "என்னுதச் சுடறப்ப காத்து எந்தப் பக்கம்டா அடிச்சுது?"

எனக்குச் சுருக்கென்றது. மரத்தடியில் அப்பா எப்படிச் சொல்வாரோ அப்படியே சொன்னேன்.

"உங்களுக்குத் தோதாத்தான் மாமா அடிச்சுது."

"பொய்யி! உங்கொப்பனாட்டமே பொய் பேசறயாடா?"

முழங்கையை ஊன்றிப் பார்த்தார். முடியவில்லை. என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"தூக்கி உக்கார வைடா என்னைய. படுத்துக்கிட்டு எப்படிடா சண்டை போடறது?"