பட்டினி கிடந்தும் இறங்காத சர்க்கரை

ஒரு ஊர்ல ஒரு டெய்லர் இருந்தாராம். பேரு மரியசூசை. காலையில மிஷின்ல உக்காந்தா பொழுது சாயுற வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு. டகடகடகன்னு பள்ளிக்கூட யூனிபாரமா தச்சுத் தள்ளுவாரு. கேக்குறியா?

ம்.

அப்போ ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்து, ஊசிக் காது தெரியாமப் போச்சு. பொண்டாட்டி ரெஜினாதான் நூல் கோத்துக் குடுப்பா. கண்ணாஸ்பத்திரிக்குப் போனாரு. நர்ஸ் விரல்ல சுருக்குன்னு குத்திப் பாத்தா, சர்க்கரை இருநூத்தி நாப்பது.

"இவ்வளவு இருந்தா ஆபரேஷன் பண்ண மாட்டாங்க அண்ணாச்சி. டாக்டர் தர்ற மாத்திரையப் போட்டு, குறைச்சுட்டு வாங்க."

மாத்திரையத் தொட்டா ஆயுசுக்கும் விடாதுன்னு யாரோ சொல்லியிருந்தாங்க. அதை அலமாரியில போட்டுட்டு, டீக்குச் சீனிய நிறுத்தினாரு. அடுத்த வாரம் சுருக். இருநூத்தி முப்பது. அப்புறம் பாவக்கா சாறு, மடக் மடக். சுருக். இருநூத்தி முப்பத்தஞ்சு. அப்புறம் ராத்திரிச் சோத்தையே விட்டுட்டாரு. வயிறு கடமுடான்னு உருளும். தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துருவாரு. விடிஞ்சதும் வெறும் வயித்தோட போனா, சுருக். இருநூத்தி நாப்பத்தாறு.

மனுஷன் திகைச்சுப் போய் உக்காந்துட்டாரு.

"சோறும் இல்ல, சீனியும் இல்ல. எங்கேர்ந்து சிஸ்டர் வருது?"

"உங்க உடம்புலேர்ந்துதான். பட்டினி கிடந்தா, கல்லீரல் சர்க்கரைய ரத்தத்துல இறக்கிவிடும். போதும், நிறுத்துன்னு இன்சுலின் சொல்லும். உங்க கல்லீரல் அதைக் கேக்கல. தசையும் அது சொன்னபடி சர்க்கரைய உள்ள எடுத்துக்கல."

"அப்போ எனக்கு இன்சுலின் இல்லையா?"

"இருக்கு. நிறையவே சுரக்குது. உடம்புதான் மதிக்க மாட்டேங்குது. மாத்திரையப் போடுங்க, அளவாச் சாப்பிடுங்க, சாப்பிட்டதும் நடங்க. நடந்தா தசை தானா சர்க்கரைய இழுத்துக்கும்."

இருக்காம், ஆனா வேலை செய்யலையாம். வழியெல்லாம் யோசிச்சும் அவருக்குப் பிடிபடல. ஆனாலும் மாத்திரையப் போட்டாரு, சாப்பிட்டதும் தெருவை நாலு சுத்து சுத்தினாரு. ரெண்டு மாசத்துல சர்க்கரை இறங்கிருச்சு. முதல்ல ஒரு கண்ணுக்கு ஆபரேஷனும் ஆச்சு. தூங்கிட்டியா?

ம்ஹூம்.

மறுநாள் கட்டுப் பிரிச்சாங்க. எதிர்ல ரெஜினா நிக்கிறா. கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு, ரவிக்கை தொளதொளன்னு தொங்குது.

"என்ன ரெஜினா, இப்படி இளைச்சிருக்க?"

அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. "அந்தப் பட்டினி நாள்ல, உங்கள வச்சுக்கிட்டு நான் மட்டும் எப்படிங்க திங்கிறது? அப்படியே பழகிப் போச்சு."

இன்சுலின் சொன்னது கல்லீரலுக்குக் கேக்கலங்கிறாங்க. இவ வயிறு உருண்டது பக்கத்துல படுத்திருந்த தனக்கே கேக்கலையேன்னு நினைச்சுக்கிட்டாரு. அவ கையப் பிடிச்சு, "வா, முதல்ல சாப்பிடுவோம். அப்புறம் சேந்தே நடப்போம்"னாரு.

அவங்க சாப்பிடப் போயாச்சு, கதையும் கூடவே போயாச்சு. நீ கண்ண மூடு.